தஞ்சைப் பண்ணையாள் தகராறுகளும் நீதிமன்ற மறுஆய்வும்

தஞ்சைப் பண்ணையாள் தகராறுகள் என்பவை காவிரிக் கழிமுகத்தின் நெல் வயல்களில் நிலவுடைமையாளர்களான மிராசுதார்களுக்கும், அவர்களிடம் வேலை செய்த பண்ணையாட்களுக்கும் இடையே கூலி, வேலை நீக்கம், குடியிருப்பு ஆகியவை குறித்து எழுந்தவை. 1940களில் இவை ஊர்ப் பேச்சுவார்த்தையிலும் ஒப்பந்தங்களிலும் தீர்க்கப்பட்டன. 1952க்குப் பின் சமரச அலுவலர்களும் வருவாய் நீதிமன்றங்களும் தீர்த்துவைக்கும் சட்ட முறை உருவானது. அத்தகைய தீர்ப்புகளை உயர்நீதிமன்றம் எந்த அளவுக்குத் திறந்து பார்க்கலாம் என்பது இந்த வரலாற்றின் முக்கியமான கேள்வி. தீர்ப்பு உறுதியாக நிற்க வேண்டும் என்பதும், தவறான தீர்ப்பு திருத்தப்பட வேண்டும் என்பதும் ஒன்றுக்கொன்று முரணான தேவைகள். அவற்றின் இழுபறியில் ஒரு பக்கத்தில் நின்றவர் அன்றாடக் கூலியை நம்பி வாழ்ந்த உழைப்பாளி.

பின்னணி

தஞ்சை மாவட்டத்தில் நிலம் வேலிக் கணக்கில் பேசப்பட்டது. ஒரு வேலி என்பது 20 மா, அதாவது ஏறத்தாழ 6.67 ஏக்கர். நெல்லின் கணக்கு கலமும் மரக்காலும். 12 மரக்கால் ஒரு கலம். பெரிய மிராசுதார்கள் நிலத்தின் ஒரு பகுதியைக் குத்தகைக்கோ வாரத்துக்கோ விட்டார்கள். மீதியைப் 'பண்ணை'யாக வைத்துக்கொண்டு காரியக்காரர்களின் மேற்பார்வையில் பண்ணையாட்களைக் கொண்டு பயிர் செய்தார்கள்.

பண்ணையாட்களில் பெரும்பாலோர் பள்ளர், பறையர் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களது கூலி நெல்லாக அளக்கப்பட்டது. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் தனியாக ஒரு பங்கு கிடைத்தது. பண்டிகைக்குத் துணியும், சில இடங்களில் சொந்தமாகப் பயிரிட்டுக்கொள்ளச் சிறிய துண்டு நிலமும் கொடுக்கப்பட்டன. குடிசை போட்டிருந்த மனை மிராசுதாருடையது. ஆகவே பண்ணையாளுக்கு வேலை போனால் கூலியோடு வீடும் போகும். பின்னாளில் நீதிமன்றங்களுக்கு வந்த வழக்குகளைப் புரிந்துகொள்ள இந்தச் செய்தி மிகவும் தேவை. ஆலைத் தொழிலாளி வேலையிழந்த பிறகும் தன் வீட்டில் இருந்துகொண்டு வழக்கு நடத்த முடியும். பண்ணையாளுக்கு அந்த வசதி இல்லை.

இந்த உறவில் எழுத்து என்பதே கிடையாது. எந்த ஆண்டு வேலைக்கு வந்தார், என்ன கூலி பேசப்பட்டது, எவ்வளவு நெல் அளக்கப்பட்டது என்பதற்கெல்லாம் ஆவணம் இருந்தால் அது மிராசுதாரின் பண்ணைக் கணக்கில் மட்டுமே இருந்தது. அளக்கும் மரக்காலே ஊருக்கு ஊர் வேறுபட்டது. முத்திரையிட்ட மரக்காலால் கூலி அளக்க வேண்டும் என்பது விவசாயத் தொழிலாளர் இயக்கத்தின் தொடக்ககாலக் கோரிக்கைகளில் ஒன்று.

ஒப்பந்தங்களின் காலம்

1943இல் பி. சீனிவாசராவ் தஞ்சைக்கு வந்து, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பகுதிகளில் விவசாய சங்கத்தைக் கட்டத் தொடங்கினார். சாணிப்பால் புகட்டுவது, சவுக்கால் அடிப்பது போன்ற தண்டனைகளை நிறுத்துவது முதல் கோரிக்கையாக இருந்தது. கூலி உயர்வும் சரியான அளவையும் அதனுடன் சேர்ந்தன. 1940களின் நடுப்பகுதியில் அலுவலர்கள், மிராசுதார்கள், சங்கத்தார் மூவரும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளும் வழக்கம் உருவானது.

இவற்றில் புகழ்பெற்றது 1948ஆம் ஆண்டின் மாயவரம் ஒப்பந்தம். சங்கத் தலைவர்கள் பலர் சிறையிலோ தலைமறைவிலோ இருந்த நேரம் அது. கூலிக்கும் களத்துப் பங்குக்கும் அந்த ஒப்பந்தம் ஒரு பொது அளவைக் குறித்தது. ஆனால் அதை நிறைவேற்றும் வழி எதுவும் அதில் இல்லை. மிராசுதார் அதை மீறினால் பண்ணையாள் எங்கே போவது? சிவில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமானால் கட்டணமும் வழக்கறிஞரும் சாட்சியும் வேண்டும். ஒரு கலம் நெல்லுக்காக முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போடுவது நடக்கிற காரியம் அல்ல. வேலைநிறுத்தம் ஒன்றுதான் மீதியிருந்த வழி. அறுவடைக் காலத்து வேலைநிறுத்தம் அடிதடியில் முடிவது வழக்கமாயிற்று.

1952ஆம் ஆண்டுச் சட்டம்

முதல் பொதுத்தேர்தலில் தஞ்சை மாவட்டத்தில் கம்யூனிஸ்டுகள் கணிசமான வெற்றி பெற்றனர். அதன்பின் இராஜாஜி தலைமையிலான சென்னை அரசு 1952 ஆகஸ்டில் ஓர் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. அது அதே ஆண்டில் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமாக (1952ஆம் ஆண்டு 14ஆம் சட்டம்) நிலைபெற்றது.

ஒரே கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் நிலம் வைத்திருந்தவர்களையே சட்டம் கட்டுப்படுத்தியது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் குறைந்தது 40 விழுக்காடு உறுதிசெய்யப்பட்டது. பண்ணையாளுக்குக் கூலி விகிதம் நிர்ணயிக்கப்பட்டது. மாயவரம் ஒப்பந்தத்தின் விகிதத்தையோ சட்டத்தில் குறித்த விகிதத்தையோ பண்ணையாள் தேர்ந்துகொள்ளலாம். காரணமின்றி வேலையை விட்டு நீக்குவதற்கும் தடை வந்தது. இரு தரப்பும் கைநாட்டு வைத்த ஒரு சமரசத்துக்குச் சட்டத்தின் பலம் கிடைத்த அரிய நிகழ்வு இது.

தகராறுகளைத் தீர்க்க இரண்டு படிகள் அமைந்தன. முதல் படி சமரச அலுவலர். அடுத்த படி வருவாய் நீதிமன்றம். சிவில் நீதிமன்றத்தின் தாமதத்தையும் செலவையும் தவிர்ப்பதே இதன் நோக்கம். அலுவலர் ஊருக்கு வந்து இரு தரப்பையும் கேட்டு, முடிந்தால் சமரசம் செய்து, முடியாவிட்டால் உத்தரவிடுவார். பெயரளவில் அவர் சமரசம் செய்பவர். செயலளவில் கட்டாய நடுவர்.

மறுஆய்வின் மூன்று வாசல்கள்

இத்தகைய உத்தரவுகளை மேல்நிலையில் எதிர்க்க மூன்று வாசல்கள் உண்டு. ஒவ்வொன்றின் அகலமும் வேறு.

முதலாவது மேல்முறையீடு. இதில் உண்மை நிலவரத்தையும் சட்டத்தையும் மேல் அமைப்பு மீண்டும் ஆராயலாம். சமரச அலுவலரிடமிருந்து வருவாய் நீதிமன்றத்துக்குச் செல்வது இவ்வகை.

இரண்டாவது சீராய்வு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 115ஆம் பிரிவு உயர்நீதிமன்றத்துக்குத் தரும் அதிகாரம் இது. கீழ் அமைப்பு தனக்கு இல்லாத அதிகாரத்தைச் செலுத்தியதா, இருந்த அதிகாரத்தைச் செலுத்தத் தவறியதா, செலுத்தியபோது சட்டத்துக்குப் புறம்பாகவோ பெரிய முறைகேட்டுடனோ நடந்ததா என்பவை மட்டுமே இதில் பார்க்கப்படும். தீர்ப்பு பிழையானது என்பது மட்டும் போதாது.

மூன்றாவது நீதிப்பேராணை, அதாவது ரிட். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 226ஆம் உறுப்பு, அரசு அலுவலர்கள், தீர்ப்பாயங்கள் ஆகியோரின் உத்தரவுகளை ரத்து செய்யும் அதிகாரத்தை உயர்நீதிமன்றத்துக்கு வழங்கியது. மேற்பார்வை அதிகாரம் 227ஆம் உறுப்பில் உள்ளது. கீழ்ச் சட்டம் ஓர் உத்தரவை 'இறுதியானது' என்று எவ்வளவு அழுத்தமாகச் சொன்னாலும் இந்த வாசலை மூட முடியாது. அரசியலமைப்பு தந்ததைச் சாதாரணச் சட்டம் பறிக்க இயலாது.

இந்த வாசலின் அளவை உச்ச நீதிமன்றம் சையது யாக்கூப் வழக்கில் (1964) வரையறுத்தது. தமிழ்நாட்டுப் பேருந்து உரிமம் ஒன்றைப் பற்றிய வழக்கு அது. ஆவணத்தைப் பார்த்ததுமே தெரியும் சட்டப் பிழையைத் திருத்தலாம். சாட்சியத்தை மீண்டும் எடைபோட்டு வேறு முடிவுக்கு வரக் கூடாது. ஆனால் சாட்சியமே இல்லாமல் எடுத்த முடிவு, ஏற்கத்தக்க சாட்சியத்தை ஒதுக்கி எடுத்த முடிவு ஆகியவை சட்டப் பிழைகளாகவே கருதப்படும்.

பண்ணையாள் தகராறில் இந்த வரையறை யாருக்குச் சாதகம் என்பதற்கு ஒரே விடை கிடையாது. வாய்மொழிச் சாட்சியத்தை நம்பி அலுவலர் தொழிலாளிக்குச் சாதகமாக உத்தரவிட்டால், உயர்நீதிமன்றம் அதை எளிதில் கலைக்காது. அதேபோல, பண்ணைக் கணக்கை நம்பி அவருக்கு எதிராக உத்தரவிட்டாலும் கலைக்காது. ஆகவே முதல் படியில் அமர்ந்திருந்த அலுவலரின் கண்ணும் காதுமே பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்தன.

'யார் பண்ணையாள்?' என்ற கேள்வி

ஓர் அமைப்பின் அதிகாரத்தையே கேள்வி கேட்பது மறுஆய்வில் வலுவான வாதம். பண்ணையாளுக்கு மட்டுமே பாதுகாப்பு என்றால், அவர் பண்ணையாளே இல்லை, நாள்கூலி என்று காட்டினால் அலுவலருக்கு அதிகாரமே இல்லாமல் போகிறது. எனவே சட்டம் வந்தபின் நிலவுடைமையாளர்கள் பலர் பண்ணையாட்களை விலக்கிவிட்டு நாள்கூலிகளை வைத்துக்கொள்ளத் தொடங்கினர். வழக்கில் வெல்வதைவிட, வழக்குக்கே இடமில்லாதபடி உறவை மாற்றிக்கொள்வது எளிதாக இருந்தது. சில ஆண்டுகளில் பண்ணையாள் முறையே சுருங்கிப்போனது. அடிமைத்தனத்தின் தளை அறுந்தது, ஆனால் அதோடு நிலையான வேலையும் அறுந்தது என்று இந்த மாற்றத்தைச் சுருக்கிச் சொல்லலாம்.

குத்தகைதாரர் தரப்பிலும் இதே கேள்வி வந்தது. 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் (25ஆம் சட்டம்), தன் உடலுழைப்பைச் செலுத்திப் பயிரிடுபவரையே சாகுபடிக் குத்தகைதாரர் என்றது. அவரை வெளியேற்ற வருவாய்க் கோட்டாட்சியரிடம்தான் செல்ல வேண்டும். 6ஆம் பிரிவு சிவில் நீதிமன்றத்தின் தலையீட்டைத் தடுத்தது. 6-ஏ பிரிவின்படி, சிவில் நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கில் பிரதிவாதி பாதுகாப்புக்குரிய குத்தகைதாரர் என்று தெரிந்தால், வழக்கைக் கோட்டாட்சியருக்கு மாற்றிவிட வேண்டும். 6-பி பிரிவு, கோட்டாட்சியரை 115ஆம் பிரிவின் நோக்கத்துக்காக உயர்நீதிமன்றத்துக்குக் கீழ்ப்பட்ட நீதிமன்றமாகக் கருதி, அவரது உத்தரவுகளைச் சீராய்வுக்கு உட்படுத்தியது. முன்வாசல் மூடப்பட்டு, மேலே ஒரு சிறு சாளரம் மட்டும் திறந்து வைக்கப்பட்டது எனலாம்.

பயிர் காத்திருக்காது

ஆலைத் தகராறுக்கும் வயல் தகராறுக்கும் உள்ள பெரிய வேறுபாடு காலம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. அதைத் தொட்டுக் குறுவை, பிறகு சம்பா, தாளடி என்று பருவங்கள் ஓடுகின்றன. முற்றிய கதிர் சில நாட்களுக்குமேல் நிற்காது. மிராசுதாருக்கு அந்த நாட்கள் நட்டத்தின் அச்சம். தொழிலாளிக்கு ஆண்டின் பெரிய வருமானம் கிடைக்கும் நாட்கள் அவை. அறுவடை முடிந்தபின் வரும் தீர்ப்பால் களத்தில் அளக்கப்பட்ட நெல்லை மீண்டும் அளக்க முடியாது. தடையாணை ஒன்று ஒரு பருவத்துக்கு நீடித்தாலே போதும், சாதகமான உத்தரவின் பயன் கரைந்துவிடும். மறுஆய்வு உரிமை காகிதத்தில் இருவருக்கும் சமம். காத்திருக்கும் வலிமை சமமாக இல்லை.

1960-61இல் தஞ்சை தீவிர வேளாண்மைத் திட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. ஏ.டி.டி.27 போன்ற குறுகிய கால நெல் வகைகள் பரவின. விளைச்சலும் வேலையும் கூடின. கூலியும் கூட வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. கிழக்குத் தஞ்சையில் நெல் உற்பத்தியாளர் சங்கம் ஒரு புறமும் விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் மறுபுறமும் அணிதிரண்டன. வெளியூர் ஆட்களைக் கொண்டு அறுப்பது புதிய தகராறாயிற்று. ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின, பிறகு மீறப்பட்டன. பண்ணையாள் சட்டம் நாள்கூலிகளுக்குப் பொருந்தாததால் அவர்களுக்கெனக் கட்டாயத் தீர்ப்பு முறை எதுவும் இருக்கவில்லை.

அந்த வெற்றிடத்தில்தான் கீழவெண்மணி நிகழ்ந்தது. 1968 டிசம்பர் 25 அன்று இரவு, நாகப்பட்டினம் வட்டத்தைச் சேர்ந்த அந்த ஊரில் ஒரே குடிசைக்குள் அடைக்கலம் புகுந்திருந்த 44 பேர் தீக்கு இரையாயினர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். குற்றவியல் வழக்கில் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் நிலவுடைமையாளர்கள் சிலருக்குத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கூலித் தகராறு பற்றிய மறுஆய்வு அல்ல அது. ஆயினும் மேல் நீதிமன்றம் என்ற சொல்லைக் கழிமுகத்து உழைப்பாளிகள் எந்த நினைவோடு கேட்டார்கள் என்பதை அந்த முடிவு தீர்மானித்தது.

1969க்குப் பின்

கீழவெண்மணிக்குப் பின் தமிழக அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கணபதியா பிள்ளையை ஒருநபர் ஆணையமாக நியமித்துக் கிழக்குத் தஞ்சையின் கூலிச் சிக்கல்களை ஆராயச் செய்தது. அதைத் தொடர்ந்து தமிழ்நாடு வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் 1969இல் வந்தது. 1952இல் தொடங்கிய சமரச அலுவலர், வருவாய் நீதிமன்றம் என்ற முறை இப்போது நாள்கூலித் தொழிலாளிக்கும் நீட்டப்பட்டது. அவர் பண்ணையாளா இல்லையா என்ற பழைய வாதம் இதனால் பெருமளவு பொருளற்றதாயிற்று.

வேறு இரு சட்டங்களும் தகராறின் தன்மையை மாற்றின. 1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம், வேளாண் தொழிலாளி குடியிருந்த மனையை அவருக்கே உரிமையாக்கியது. வேலை போனால் வீடும் போகும் என்ற அச்சம் நீங்கியபின்தான் தொழிலாளி துணிந்து வழக்காட முடிந்தது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், முன்கடனுக்காக உழைப்பைக் கட்டிவைக்கும் ஒப்பந்தங்களைச் செல்லாதவையாக்கியது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் கூறியது. நாடெங்கும் உள்ள கூலித் தொழிலாளர்களுக்கும் பழங்குடி மக்களுக்கும் இத்தீர்ப்பு ஓர் ஆயுதமாயிற்று.

ஆலைத் தொழிலாளரோடு ஒப்பீடு

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் நடைமுறையில் ஆலைகளையும் தோட்டங்களையும் நோக்கியே இயங்கியது. ஒரு நிறுவனம் நடத்தும் வேளாண்மை 'தொழில்' ஆகலாம் என்று 1963இல் பீகார் கரும்புப் பண்ணை வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. சிதறிக்கிடந்த சிறு, நடுத்தர நிலவுடைமைகளுக்கு அது உதவவில்லை.

அந்தச் சட்டத்தில் 1956இல் சேர்க்கப்பட்ட 10-ஏ பிரிவு, இரு தரப்பும் விரும்பி நடுவரை அமர்த்த வழிசெய்தது. அவரது தீர்ப்பை மறுஆய்வு செய்யலாமா என்பதில் சட்டம் படிப்படியாக நகர்ந்தது. ஹிந்த் சைக்கிள்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த நடுவர் 136ஆம் உறுப்பு கூறும் தீர்ப்பாயம் அல்ல என்றது. எனவே நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்கு வர இயலாது. ரோத்தாஸ் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் (1976) அவரது தீர்ப்பு 226ஆம் உறுப்பின் கீழ் உயர்நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் விளக்கினார். குஜராத் ஸ்டீல் டியூப்ஸ் வழக்கில் (1980) ஒரு படி மேலே சென்று, வேலைநிறுத்தத்துக்காகக் கூண்டோடு நீக்கப்பட்ட தொழிலாளர்களுக்கு எதிரான நடுவர் தீர்ப்பை உயர்நீதிமன்றம் கலைத்தது சரியே என்று பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்றனர். மறுஆய்வு தொழிலாளியின் கையில் இருந்து பயன்பட்ட சான்று இது.

அமெரிக்காவில் போக்கு வேறு. 1960இல் எஃகுத் தொழிலாளர் சங்கம் தொடர்பான மூன்று தீர்ப்புகளில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒப்பந்தத்தின் அடிப்படையில் நடுவர் தந்த தீர்ப்பின் சரி தவறை நீதிமன்றம் எடைபோடக் கூடாது என்றது. அங்குள்ள பழங்குடி நாடுகளில் நவஹோ நாடு தனக்கென வேலைவாய்ப்புச் சட்டத்தை 1985இல் இயற்றியது. அதன் தொழிலாளர் ஆணையம் தகராறுகளை விசாரிக்கிறது. அந்த முடிவின் மீதான மேல்முறையீடு நவஹோ உச்ச நீதிமன்றத்துக்கே செல்கிறது. தகராறையும் மறுஆய்வையும் அந்த மக்களின் சொந்த அமைப்புகளே கையாள்கின்றன. தஞ்சையிலோ இரு படிகளும் வருவாய்த்துறை அலுவலர்களின் கையில் இருந்தன. அவர்களுக்கு மேலே இருந்தது தொலைவிலுள்ள சென்னை.

இன்றைய நிலையும் மதிப்பீடும்

பழைய தஞ்சை மாவட்டம் இன்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று பிரிந்துள்ளது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004இல் தொடங்கியபின் தஞ்சாவூர் மாவட்ட வழக்குகள் மதுரைக்குச் செல்கின்றன. மற்ற மூன்று மாவட்ட வழக்குகள் சென்னைக்குச் செல்கின்றன. ஒரே வாய்க்காலின் இரு கரைகளில் எழும் ஒரேவிதத் தகராறு இரு ஊர்களில் சீராய்வுக்கு வரலாம். வருவாய் நீதிமன்றங்களில் இப்போது கோயில், மட நிலங்களின் குத்தகை வழக்குகளே முன்னிற்கின்றன. அறுவடை எந்திரம் வந்தபின் களத்துக் கூலி பற்றிய தகராறு பெரிதும் மங்கிவிட்டது.

இந்த வரலாறு மறுஆய்வு நல்லது என்றோ தீயது என்றோ முடிவு சொல்வதில்லை. முதல் படியில் தொழிலாளியின் வாய்மொழி மதிக்கப்பட்டு, உத்தரவு அறுவடைக்கு முன் வந்து, அது நிறைவேறும்வரை அவர் குடியிருக்க இடமும் இருந்தபோது, குறுகிய மறுஆய்வு அவருக்குக் காவலாக அமைந்தது. இவற்றில் ஒன்று இல்லாதபோது அதே குறுகிய மறுஆய்வு, தவறான உத்தரவைக் கல்லாக்கியது. 1952இன் சட்டம் கூலியையும் வேலையையும் பற்றிப் பேசியது. மனையைத் தொழிலாளிக்கே சொந்தமாக்க 1971 வரை ஆயிற்று. அந்த 19 ஆண்டு இடைவெளியில் சட்டத்தில் இருந்த உரிமைகளைத் தொழிலாளிகள் பலரால் நீதிமன்றம்வரை கொண்டுசெல்ல முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு பெரிய காரணம்.